அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு கல்முகம்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லையை நெருங்கும்போது எளாவூர் சோதனைச்சாவடி வருகிறது. இரவென்றும் பகலென்றும் இல்லாமல் லாரிகள் நின்று நகரும் இடம் அது. அதற்குத் தெற்கே சற்றுத் தொலைவில் கும்மிடிப்பூண்டி சிப்காட். ஆலைக்குள் உதிரிபாகம் வந்தாலும், ஆலையிலிருந்து பொருள் வெளியே போனாலும் அட்டைப்பெட்டியும் கூடவே போய்வருகிறது. பிரித்தெடுத்த பெட்டிகள் பழைய பேப்பர் கடைகளில் கட்டுக்கட்டாக ஏறி, எங்கோ ஒரு காகித ஆலைக்குக் கிலோ கணக்கில் போய்ச் சேர்கின்றன. இதே ஊர்களில் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்கு வள்ளுவர் முகம் வேண்டும், ஆண்டுவிழா மேடைக்கு ஒரு சோழர் காலத்துச் சிலை வேண்டும், ஆலையின் வரவேற்பறைக்குக் கற்சிற்பம் போல ஏதாவது வேண்டும் என்றால் நம் நினைவுக்கு வருபவை இரண்டுதான்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இல்லாவிட்டால் ஃபைபர். மூன்றாவதாக ஒன்று கடைத்தெருவிலேயே கட்டிவைக்கப்பட்டுக் கிடக்கிறது. கூரைக்குக் கீழே வைக்கிற எந்த முகத்துக்கும் காகிதக்கூழே தகுந்த பொருள். அதற்குக் கல்லின் தோற்றம் வேண்டுமானால் அதை எண்ணெய்ப் பெயின்ட்டால் வரவழைக்காமல் கல்தூளாலும் சுண்ணாம்பாலும் வரவழைக்க வேண்டும். பொதுப்பணத்தில் சிலை வாங்கும் பள்ளிகளும் ஊராட்சிகளும் இதற்கு முதல் வாடிக்கையாளர்களாக முன்வர வேண்டும் என்பதே என் வாதம்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மீது நமக்கு இருக்கும் புகாரெல்லாம் விநாயகர் சதுர்த்தியை ஒட்டியே எழுகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்கள் நீரில் கரைக்கும் சிலைகளுக்கு அது கூடாது என்றன. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு தனி நீதிபதி அத்தகைய சிலைகளை விற்க அனுமதித்தார். இரு நீதிபதிகள் அமர்வு உடனே அதற்குத் தடை விதித்தது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் சதுர்த்தி முடிந்ததும் இந்தப் பேச்சு ஓய்ந்துவிடுகிறது, வருடம் முழுக்கச் சுவரிலும் மேடையிலும் ஏறும் முகங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சுவரில் மாட்டிய பிளாஸ்டர் முகம் ஏரியைக் கெடுக்காது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் குறை வேறு. அது கனமானது, எளிதில் உடையக்கூடியது. மாட்டும்போது கை நழுவினால் மூக்கு போய்விடும், காது சிதறிவிடும். உடைந்த துண்டைத் திரும்பக் கரைத்து அதே வேலைக்குக் கொண்டுவர முடியாது, சூளையில் சூடேற்றி நீரை வெளியேற்றினால்தான் மறுபடி பவுடராகும். ஒரு பள்ளியில் அதை யார் செய்வார்கள்? ஃபைபர் இன்னும் மோசம். கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து இறுகவைத்த பொருள் அது. ஒருமுறை இறுகிய பிசினை மறுபடி உருக்க முடியாது. நிறம் வெளுத்து, ஓரம் பிளந்த பிறகு அது குப்பைமேட்டில்தான் கிடக்கும், எரித்தால் ஊரே மூச்சுத்திணறும். தொழிற்சாலைப் புகைக்கு ஏற்கெனவே முகம் சுளித்து வாழும் ஒரு வட்டாரம் அலங்காரத்துக்காகவும் அதே வகைக் குப்பையைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

காகிதக்கூழ் என்றதும் பள்ளிக் கைவேலை வகுப்பும் பலூன்மேல் ஒட்டிய செய்தித்தாளும் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நினைவுதான் இந்தப் பொருளைக் குழந்தை விளையாட்டாக்கிவிட்டது. முறையாகச் செய்தால் அது சிற்பப் பொருள். காகிதத்தைக் கத்தரிக்காமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில் நார் பிரிந்து நிற்கும், அந்த நார்கள்தான் பிறகு ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஓர் இரவு முழுக்க ஊறவைத்து, கொதிக்கவைத்து, உரலில் இடித்தோ கிரைண்டரில் அரைத்தோ எடுத்த கூழைத் துணியில் கட்டிப் பிழிய வேண்டும். பிழிந்த கூழுக்குப் பசை சேர்ப்பது அடுத்த வேலை. மைதாப் பசை எளிது, புளியங்கொட்டைப் பசை உறுதி. கூடவே சாக்கட்டித்தூள். இந்தத் தூளைப் பலர் எடைக்காகச் சேர்ப்பதாக நினைக்கிறார்கள். அதன் பெரிய வேலை வேறு. செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் அப்படியே இருக்கிறது, காலப்போக்கில் அது அமிலமாகிக் காகிதத்தை மஞ்சளாக்கி நொறுக்குகிறது. சாக்கட்டியில் உள்ள கால்சியம் கார்பனேட் அந்த அமிலத்தை முறிக்கிறது. ஆவணக் காப்பகங்களில் பழைய காகிதங்களைக் காப்பாற்றக் கையாளும் முறைக்கும் இதே வேதியியல்தான் அடிப்படை. ஆக, கல் தோற்றத்துக்கான முதல் படியும் நீண்ட ஆயுளுக்கான முதல் படியும் ஒரே கைப்பிடித் தூளில் தொடங்குகின்றன.

முகம் செய்யும்போது இந்தப் பொருளின் குணம் தெளிவாகத் தெரியும். வண்ணம் பூசிய பொம்மை முகத்தில் புருவத்தையும் கருவிழியையும் உதட்டையும் தூரிகை வரைந்துவிடும், உருவம் தட்டையாக இருந்தாலும் கண் மன்னித்துவிடும். கல்முகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. அதில் நிழல்தான் வரைகிறது. புருவ எலும்பு முன்னே வந்து கண்குழி உள்ளே போனால்தான் பார்வை பிறக்கும். மேலிமை கீழிமையைவிடச் சற்று முன்தள்ளி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் கண் தூங்கி வழியும். மூக்குத்துவாரத்தை வெறும் புள்ளியாக விட்டால் முகம் பொம்மையாகிவிடும், உள்நோக்கிக் குடைந்தால் மூச்சு வரும். உதட்டின் ஓரத்தில் கட்டைவிரல் நுனி அளவு ஒரு பள்ளம் விழ வேண்டும். கூழ் காயும்போது சுருங்கும் என்பதால் இவை எல்லாவற்றையும் வேண்டியதைவிடக் கொஞ்சம் மிகைப்படுத்தியே செய்ய வேண்டும். ஒரே நாளில் தடிமனாக அப்பினால் வெளிப்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக நிற்கும், பிறகு பூஞ்சை பிடிக்கும், வெடிக்கும். அரை விரல் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக ஏற்றி, முதல் அடுக்குகளை நிழலில் உலர்த்திப் பிறகு வெயில் காட்டுவதே வழி. பொறுமை இருந்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட இதைச் செய்ய முடியும். பொறுமை இல்லாதவரிடம் எவ்வளவு விலையுயர்ந்த பொருளைக் கொடுத்தாலும் முகம் வராது.

கல்லாக்கும் வேலை அதன்பின் தொடங்குகிறது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். சாம்பல்நிற எனாமலை ஒரு கோட் அடித்து, மேலே வார்னிஷ் போட்டுக் கல் என்கிறார்கள். அது பெயின்ட் அடித்த காகிதமாகவே தெரியும், ஏனென்றால் எந்தக் கல்லும் ஒற்றை நிறத்தில் இருப்பதில்லை. நம் பக்கத்துக் கல்லையே பார்க்கலாம். பல்லாவரத்தில் கிடைக்கும் கருங்கல்லுக்கு நிலவியலில் சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் இருக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தக் கல்லால் ஆனது என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். புதிதாக உடைத்த பக்கத்தில் அது நீலம் கலந்த கருஞ்சாம்பலாக, எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு இருக்கும். வெயிலில் கிடந்த பக்கம் பழுப்பேறிச் சொரசொரக்கும். இதைக் காகிதத்தில் கொண்டுவர உப்புத்தாளால் தேய்த்த முகத்தின்மேல் சலித்த சுண்ணாம்பும் பசையும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று, அது காய்வதற்குள் மஸ்லின் துணியில் சலித்த கல்தூள் கலந்த பூச்சு இன்னொன்று. எம்-சாண்ட் அரைக்கும் கிரஷர்களில் வேண்டாமல் ஒதுங்கும் நுண்தூளே இதற்குப் போதும். ஆனால் அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே நனைத்தபடியேதான் கையாள வேண்டும், பிள்ளைகள் கையில் உலர்தூளைக் கொடுக்கவே கூடாது. பூச்சு இறுகியபின் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைக் கரிநீரில் தோய்த்துக் கட்டைவிரலால் தெறிக்கவிட்டால் கருப்புப் புள்ளிகள் விழும். நீர்த்த காவியைக் குழிகளில் மட்டும் விட்டு மேட்டிலிருந்து துடைத்தெடுத்தால் பல மழை பார்த்த கல்லின் பழுப்பு வந்துவிடும். எல்லாம் தண்ணீரில் குழைத்துப் பூசும் பொருள்கள், எல்லாம் உள்ளூரில் கிடைப்பவை. இப்படி வந்த மேற்பரப்பைத் தொட்டால்கூடக் கல்லைப்போலக் குளிர்ச்சியாக இல்லாததைத் தவிர வேறு வித்தியாசம் விரலுக்குத் தெரியாது, ஏனென்றால் விரல் தொடுவது உண்மையில் கல்லைத்தான்.

கல்லைப் போலத் தெரிகிற காகிதம் ஏமாற்று வேலை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. பொருள் எதுவோ அதுவாகவே தெரிய வேண்டும் என்பது மதிக்கத்தக்க ஒரு கொள்கை. ஆனால் அதை வைத்து நம் ஊர்க் கட்டடங்களை அளந்தால் பாதிக்கு மேல் தேறாது. கோயில் கோபுரத்தில் நாம் கும்பிடும் உருவங்களில் பெரும்பாலானவை கல் அல்ல, செங்கல்மேல் அப்பிய சுதை. சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, விரலாலும் கரணையாலும் வடித்து, கீழே நிற்பவர் கண்ணுக்குக் கல் அடித்தளத்தின் தொடர்ச்சியாகத் தெரியும்படி ஏற்றினார்கள். சென்னையிலேயே இன்னொரு சான்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர்கள் ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று வியந்து எழுதிய பூச்சு சுட்ட கடற்சிப்பியிலிருந்து வந்தது. பல அடுக்குப் பூசி, கடைசி அடுக்கைக் கல்லால் மணிக்கணக்கில் தேய்த்து மெருகேற்றியபோது செங்கல் தூண்கள் பளிங்குத் தூண்களாகத் தெரிந்தன. அந்தச் சிப்பிச் சுண்ணாம்புக்குப் பழவேற்காடு ஏரியும் ஓர் ஊற்றாக இருந்தது. எளாவூருக்குக் கிழக்கே அந்த ஏரியின் ஓரத்தில் இருக்கும் ஊர்களுக்குச் சிப்பி அள்ளுவதும் சுடுவதும் தெரிந்த தொழில்தான். ஆகவே ஒரு மலிவான உடலுக்குக் கல்லின் தோலைப் போர்த்துவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல, இது அதன் பழைய கைத்தொழில். அடியில் கல் என்று சொல்லி விற்றால்தான் அது ஏமாற்று. காகிதம் என்று பெயர்ப்பலகையில் எழுதி வைத்துவிட்டால், ‘இது காகிதமா!’ என்று பார்ப்பவர் வியப்பதே அந்தக் கைக்குக் கிடைக்கும் பாராட்டு.

உலகமும் இதைச் செய்து பார்த்திருக்கிறது. பிரான்சில் காகிதக்கூழ், சாக்கட்டித்தூள், வச்சிரப்பசை மூன்றையும் கலந்து ‘கார்ட்டன் பியேர்’ என்றொரு கலவை செய்து, மாளிகைகளிலும் நாடக அரங்குகளிலும் கற்செதுக்கல் போன்ற அலங்காரங்களை வார்த்தார்கள். தெற்கு இத்தாலியின் லெச்சே நகரத் தேவாலயங்களில் நிற்கும் புனிதர் சிலைகள் பலவற்றின் உடல் காகிதம்தான். அங்கே காகித அடுக்குகளின் மடிப்பைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கருவியால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் வட்ட வாசிப்பறை. 1857-ல் திறந்த அந்த அறைக்கு மேலே சுமார் 42 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். எலும்புக்கூடு வார்ப்பிரும்பு, உள்ளே அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியும் முகப்பு காகிதக்கூழ். 2000-ஆம் ஆண்டுக்கு முன்பாக அதைப் புதுப்பித்தபோது அந்தக் காகித முகப்பைப் பிடுங்கி எறியவில்லை, பழுதுபார்த்து, பழைய நீலமும் பொன்னும் திரும்பப் பூசினார்கள். நூற்று நாற்பது ஆண்டு லண்டன் ஈரத்தையும் கரிப்புகையையும் தாங்கிய காகிதம் அது. அதன் கீழே உட்கார்ந்துதான் மார்க்ஸ் படித்தார்.

லண்டன் வேறு, கும்மிடிப்பூண்டி வேறு என்பது சரியான மறுப்பு. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், ஏரிக்காற்று உப்பைக் கொண்டுவரும், சுவரோரத்தில் கரையான் ஏறும். காகித முகத்தை வெளியே, மழைபடும் இடத்தில் வைக்கச் சொல்வது இந்த வாதத்துக்கே துரோகம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் தலைவர் சிலைக்கும் பூங்கா வாசலுக்கும் கல்லும் உலோகமுமே தகும், அந்த வேலையைக் காகிதத்திடம் கேட்கக் கூடாது. கூரைக்குக் கீழே என்று முதலிலேயே வரம்பு கட்டியது அதனால்தான். அந்த வரம்புக்குள் ஈரத்தையும் பூச்சியையும் சமாளிக்கலாம். கரையான் தரையிலிருந்தும் சுவர் வழியாகவும் வருகிறது, சுவரிலிருந்து விரற்கடை இடைவெளி விட்டு ஆணியில் தொங்கவிட்டால் வழியும் அடைபடும், காற்றும் ஓடும். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி வராமலிருக்கத்தான். ஆனால் அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் அதைச் சேர்க்காமல் பின்பக்கத்தில் வேப்பெண்ணெய் தடவினால் போதும். சுண்ணாம்புப் பூச்சின் காரமே பூஞ்சைக்குப் பெரிய தடை. இதற்கு மாறாகக் காகிதத்தின்மேல் எனாமலும் வார்னிஷும் அடித்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் தங்கி, பளபளப்பான தோலுக்குக் கீழே கூழ் அழுகும். கல்தூளும் சுண்ணாம்பும் மூச்சுவிடும் பூச்சுகள், உறிஞ்சிய ஈரத்தைக் காய்ந்த நாளில் திருப்பிவிடும். எண்ணெய்ப் பெயின்ட் கூடாது என்று நான் வலியுறுத்துவதற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம். பெயின்ட் அடித்த காகிதத்தைப் பிறகு மறுபடி கூழாக்கவும் முடியாது. சுண்ணாம்பு முகத்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் இரண்டு நாளில் அடுத்த முகத்துக்கான கூழ் தயார். தீப்பிடிக்கும் என்ற அச்சத்துக்கும் கனிமம் கலந்த கூழ் ஓரளவு பதில் சொல்கிறது, வெறும் காகிதம்போல அது சட்டென்று பற்றாது. இருந்தாலும் மின்விளக்கு சூடாகும் இடத்துக்கும் விளக்கேற்றும் இடத்துக்கும் அருகே அதை வைக்காமலிருப்பதே புத்தி.

அழியக்கூடிய பொருளில் வள்ளுவரையும் தெய்வத்தையும் செய்வது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் இன்னும் ஆழமானது. ஆனால் வட தமிழகத்தில் வாழ்பவர்களுக்கு இந்தத் தயக்கம் வரக் காரணமே இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக்கூத்து பல இரவு நடந்து, பதினெட்டாம் போர் முடியும் நாளில் கோயில் திடலில் மண்ணைக் குவித்துப் பிரம்மாண்டமான துரியோதனனைப் படுக்கவைக்கிறார்கள். தொடையும் மார்பும் முறுக்கிய மீசையும் விழித்த கண்ணும் அத்தனை வீறாப்போடு வரும். சில மணி நேரத்தில் படுகளம் முடிந்து அந்த உருவம் மிதிபட்டு மண்ணாகிவிடும். மயானக்கொள்ளையில் மண்ணில் படுக்கவைக்கும் அங்காளம்மன் உருவமும் அப்படித்தான். தெற்கே ஐயனாருக்கு எடுக்கும் மண்குதிரைகள் சிதைந்துபோனால் ஊர் வருத்தப்படுவதில்லை, அடுத்த புரவியெடுப்புக்குப் புதுக்குதிரை வரும். அழிவதற்கென்றே செய்யும் உருவத்தில் இவ்வளவு கவனத்தைக் கொட்டத் தெரிந்த மண் இது. நிலைத்து நிற்பதற்காகச் செய்து, பிறகு தூசி படிந்து, மூக்குடைந்து, யாரும் பார்க்காத மூலையில் ஒதுக்கப்படும் சிமென்ட் மார்பளவுச் சிலைகளைவிட இதில்தான் மரியாதை அதிகம். காகித முகம் பத்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி செய்யப்பட வேண்டியிருந்தால் அது ஒரு குறையல்ல. பத்து வருடத்துக்கு ஒருமுறை புதிய பிள்ளைகள் வள்ளுவரின் நெற்றியையும் தாடியையும் விரலால் யோசித்துப் பார்ப்பார்கள்.

நீரில் கரைக்கும் சிலைகளுக்கும் காகிதக்கூழை விரிக்கலாமே என்று உற்சாகமாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடும் நான் உடன்படவில்லை. காகிதம் நீரில் மக்கும்போது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சுகிறது, அச்சு மையும் கூடவே இறங்குகிறது. தேங்கிய குளத்தில் மீன் செத்து மிதக்க இதுவும் காரணமாகலாம். மகாராஷ்டிரத்தில் காகிதக்கூழ் விநாயகர் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகப் போனார். சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு, அதில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். கரைப்பதற்குச் சுடாத களிமண்ணே சரி. ஒரு பொருளை நேசிப்பவர்கள் அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக்க ஆசைப்படுவார்கள், அந்த ஆசைதான் பிளாஸ்டரையும் ஃபைபரையும் எல்லா இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

கூலி கட்டுமா என்பது கடைசிக் கேள்வி, மிகக் கடினமானதும் அதுதான். ரப்பர் அச்சில் பிளாஸ்டரை ஊற்றினால் அரைமணியில் முகம் கழன்று வரும். காகித முகத்துக்கு உலரும் நேரமே நாள்கணக்கு. விலையில் மட்டும் போட்டியிட்டால் காகிதம் தோற்கும். ஆனால் அச்சுமுறை காகிதத்துக்கும் உண்டு. மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சரிதா என்ற ஊர் முழுக்க சாவ் நடன முகமூடி செய்கிறது. களிமண் அச்சின்மேல் சாம்பல் தூவி, பசையில் தோய்த்த காகிதத்தை எட்டுப் பத்து அடுக்கு ஏற்றி, அதன்மேல் மெல்லிய துணியும் நுண்மண்ணும் இழைத்து, மரக்கரண்டியால் தேய்த்து, காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றுகிறார்கள். அந்த முகமூடிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காஷ்மீரில் உடலைச் செய்பவர் ஒருவர், வண்ணம் தீட்டுபவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டு சில நூற்றாண்டுகளாகத் தொழிலை நடத்துகிறார்கள். நமக்கு மிக அருகே புதுச்சேரியின் திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் பழைய உடலிலும் காகிதக்கூழ் இருக்கிறது. பீகாரில் காகிதக்கூழ்க் கலைக்காகவே சுபத்ரா தேவிக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்து சிப்காட்டில் இரும்பு உருக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஊரின் பெருமையான கைத்தொழில் ஒன்றை இங்கே ஒரு பள்ளிச் சுவரில் பார்த்தால், அவர்களுடைய பிள்ளைகள் உட்காரும் வகுப்பறை அவர்களுக்கும் கொஞ்சம் சொந்தமாகும்.

பிளாஸ்டர் வார்த்துப் பிழைக்கும் குடும்பங்களை இது தெருவில் விடும் என்று சொன்னால், விடக்கூடாது என்றே பதில் சொல்வேன். சிலை வாங்கும் அரசு அலுவலகமும் பள்ளியும் காகிதமாகக் கேட்டால் அச்சு வைத்திருக்கும் அதே கைகளே காகிதத்துக்கு மாறும். முகத்தை ஏற்கெனவே அறிந்த கைகள் அவை, புதிதாகக் கற்க வேண்டியது கூழும் பூச்சும் மட்டும். கேட்கும் இடம் மாறாமல் செய்யும் இடத்தை மட்டும் குற்றம் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதைத்தான் ஒவ்வொரு சதுர்த்திக்கும் பார்க்கிறோம். நிறுவனங்கள் சட்டம் 2013, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் இந்த வட்டாரப் பள்ளிகளுக்கு மேசையாகவும் தண்ணீர்த் தொட்டியாகவும் வந்துசேரும்போது, ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு கிரைண்டரும் ஒரு கைவினைஞரின் இரண்டு மாதச் சம்பளமும் கூடச் சேர்ந்து வரலாம். பெட்டிகளை அந்த ஆலைகளே தரட்டும். பள்ளிக்கல்வித் துறை 2022-லிருந்து நடத்தும் கலைத்திருவிழாவில் பிள்ளைகள் கையால் உருவாக்குவதற்கு ஏற்கெனவே மேடை இருக்கிறது. பகுதிநேர ஓவிய ஆசிரியர்களுக்கு மைதாவும் உப்புத்தாளும் வாங்க ஒரு சிறு தொகையும், வாரத்தில் தொடர்ச்சியாக இரண்டு பாடவேளையும் கொடுத்தாலே வேலை தொடங்கிவிடும். கூழ் உலர நேரம் வேண்டும், நாற்பது நிமிட வகுப்பு அதற்குப் பற்றாது.

முதல் வேலையாக வள்ளுவரை எடுத்துக்கொள்ளலாம். வேணுகோபால் சர்மா வரைந்த ஓவியம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது, முகத்தின் அளவுகள் பிள்ளைகளுக்குத் தெரியும், அந்தத் தாடியின் இழைகளைக் காகிதநாரைப் போல வேறெந்தப் பொருளும் எளிதாகத் தராது. மழைக்காலத்தில் தொடங்கினால் கூழ் காயாது, முயற்சி முதல் முகத்திலேயே கெட்டுப்போகும். பொங்கல் விடுமுறை முடிந்ததும் பெட்டிகளைக் கிழித்து ஊறப்போட்டால் மாசி வெயிலில் அடுக்குகள் ஏறும், தேர்வுக்கு முன்பே முகம் முழுவடிவம் பெறும். கோடை விடுமுறை முழுக்க அது பூட்டிய வகுப்பறையின் பரணில் நன்றாக உலரட்டும். ஜூனில் பள்ளி திறந்ததும் சுண்ணாம்பும் கல்தூளும் பூசினால், மழை வருவதற்குள் நூலகச் சுவரில், ஆணியில், சுவரிலிருந்து விரற்கடை தள்ளி மாட்டிவிடலாம்.